விருந்தாளி பயப்படாத வீடு: கல், மரம், மண் கொண்டு அடுக்ககத்தை அமைக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு மார்பிள் மேசையில் ஒரு வளையம் இருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது குனிந்து பார்த்தால், ஒரு கண்ணாடி டம்ளரின் அடிவட்டம் மங்கலாகத் தெரியும். விரலை ஓட்டினால், சுற்றிலும் வழுக்கிக்கொண்டு போகும் கல் அந்த வட்டத்தில் மட்டும் லேசாகச் சொரசொரக்கும். முதன்முதலாக எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்த அன்று யாரோ எலுமிச்சைச் சாற்றை வைத்ததன் பலன். கல்லை விற்றவர் "சீலர் அடிச்சாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். சீலர் என்பது கறை இறங்காமல் இருக்கக் கல்லுக்குத் தடவும் திரவம்.

வளையத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து நான் கையில் ஒரு துணியோடு திரிய ஆரம்பித்தேன். யார் டம்ளரைக் கீழே வைத்தாலும் அடியில் துணியைச் செருகினேன். வந்தவர்கள் கவனித்துவிட்டார்கள். அப்புறம் ஒருவரும் மேசையில் எதையும் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்து மணிக்கெல்லாம் வீடு காலி.

கல், மரம், சுண்ணாம்பு, பிரம்பு என்று இயற்கைப் பொருட்களால் வீட்டை அழகாக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. நாலு பேர் வந்து உட்கார்ந்து, சிந்தி, சிரித்து, நேரம் போவது தெரியாமல் இருக்கிற வீடாக அதை ஆக்குவதில்தான் வேலை இருக்கிறது. நான் தலைகீழாகச் செய்து கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அளவு நாடா, அப்புறம் கடை

எந்தக் கல், எந்த மரம் என்று யோசிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயத்தை எழுதி வையுங்கள். வழக்கமாக எத்தனை பேர் வருவார்கள்? வந்தால் எங்கே நிற்பார்கள்? இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: சமையலறை வாசலில். நீங்கள் என்னதான் சோபா போட்டாலும் கொஞ்சம் பேர் அங்கேதான் போய் நிற்பார்கள். அதை எதிர்த்துப் பிரயோஜனமில்லை. அந்த இடத்தில் சாய்ந்து நிற்க ஒரு மேடை, டம்ளர் வைக்க ஒரு பலகை என்று ஏற்பாடு செய்துவிடுவது மேல்.

அப்புறம் மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு, வாங்கப்போகும் மேசை, சோபா எல்லாவற்றையும் தரையில் நிஜ அளவில் ஒட்டிப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கு 60 செ.மீ. அகலம் வேண்டும். மேசையின் உயரம் 75 செ.மீ., நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. மேசை விளிம்பிலிருந்து சுவர் வரை 90 செ.மீ. விட்டால்தான் உட்கார்ந்திருப்பவரை எழுப்பாமல் பின்னால் ஒருவர் நடந்து போக முடியும். சோபாவுக்கும் முன்னால் உள்ள தாழ்ந்த மேசைக்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ.; அதற்கு மேல் போனால் டம்ளரை எடுக்க ஒவ்வொரு முறையும் எழ வேண்டும். எதிரெதிர் இருக்கைகள் இரண்டரை மீட்டருக்கு மேல் விலகினால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும்.

டேப்பை இரண்டு நாள் அப்படியே விட்டு, அதைச் சுற்றியே நடமாடுங்கள். நான் ஆசைப்பட்ட மேசை இரண்டாம் நாளே 30 செ.மீ. குறைந்துவிட்டது.

கட்டடம் என்ன தாங்கும், என்ன அனுமதிக்கும்

தனி வீட்டுக்கும் அடுக்ககத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எடை. கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. அதாவது 3 செ.மீ. தடிமனுள்ள பலகை சதுர மீட்டருக்கு 80 கிலோ. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு கல் மேசை போட்டால் மேல்பலகை மட்டுமே 160 கிலோ வரும். குடியிருப்புத் தளங்களை, அதில் இருக்கும் ஆட்களுக்கும் சாமான்களுக்குமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ தாங்கும்படிதான் பல நாட்டு விதிகளில் வடிவமைக்கிறார்கள். ஒரு மேசையால் தளம் இடிந்துவிடாது. ஆனால் இருக்கும் தரைக்கு மேலேயே கல் பதித்து, கல் மேடை கட்டி, சுவரிலும் கல் ஒட்டுவதாக இருந்தால் ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கல்லின் தோற்றம்தான் வேண்டும், எடை வேண்டாம் என்றால் மைக்ரோசிமெண்ட் என்ற மெல்லிய சிமெண்ட் பூச்சு இருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் பழைய டைல்ஸ் மேலேயே பூசிவிடலாம். இதில் பாலிமர் கலந்திருப்பதால் சுத்த இயற்கைப் பொருள் என்று சொல்ல முடியாது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

சுவரைக் கொத்திக் கான்கிரீட்டையோ செங்கல்லையோ வெளியே காட்ட ஆசைப்படுபவர்கள், அது பாரம் தாங்கும் சுவரா, உள்ளே ஒயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். இன்னொன்று: வாங்கும் பலகை லிப்டில் நுழையுமா? சிரிக்காதீர்கள், அளந்துவிடுங்கள்.

மூன்று பொருள் போதும்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். தேக்கும் பிடிக்கும், வால்நட்டும் பிடிக்கும், கருங்கல்லும் வேண்டும், செங்கல்லும் வேண்டும், நடுவில் பித்தளை. கடைசியில், கடையில் மாதிரித் துண்டுகளை அடுக்கி வைத்த கண்காட்சி போல் வீடு ஆகிவிடும். ஒரு மரம், ஒரு கல் அல்லது பூச்சு, ஒரு நார். இந்த மூன்றோடு நிறுத்துங்கள். உலோகம் கைப்பிடிகளில் மட்டும் கொஞ்சம் இருக்கலாம்.

எதை எங்கே வைப்பது என்பதற்குக் கண்ணைக் கேட்பதைவிடக் கையைக் கேட்கலாம். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ 1939-இல் கட்டி முடித்த வில்லா மைரேயா என்ற வீட்டில், வரவேற்பறையின் இரும்புத் தூண்கள் சிலவற்றுக்குப் பிரம்பு சுற்றியிருக்கிறார். குளிர்ந்த இரும்பின் மேல் கைபடும் இடத்தில் நார். விருந்தாளியின் உடம்பு படும் இடங்களைப் பட்டியல் போட்டால் அதிகமில்லை: கதவுக் கைப்பிடி, நாற்காலி முதுகு, மேசை விளிம்பு, வெறுங்கால் படும் விரிப்பு. நல்ல மரமும் நல்ல கம்பளியும் அங்கே போகட்டும். யாரும் தொடாத உயர அலமாரிக்கு வெனீர் (தாள் போல மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பிளைவுட் போதும்.

மாதிரித் துண்டைக் கெடுத்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கடையில் தரும் மாதிரித் துண்டைப் பத்திரமாக வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு, காபி ஒரு சொட்டு, எண்ணெய் ஒரு சொட்டு, சிவப்பு ஒயின் இருந்தால் அதுவும் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் துடையுங்கள். அதன் மேல் சூடான பாத்திரம் ஒன்றை வைத்து எடுங்கள். சாவியால் ஒரு கோடு கிழியுங்கள். இவ்வளவும் ஆன பிறகு அந்தத் துண்டு எப்படி இருக்கிறதோ, மூன்று வருஷம் கழித்து உங்கள் மேசை அப்படித்தான் இருக்கும். அந்த முகம் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

இந்தச் சோதனையில் கற்கள் இரண்டாகப் பிரியும். மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கல்லே கரைகிறது. அதனால்தான் என் வளையத்தில் விரல் சொரசொரத்தது. சீலர் செய்வதெல்லாம் காபி, எண்ணெய் போன்றவை கல்லின் நுண்துளைக்குள் இறங்காமல் தடுப்பதுதான். அமிலம் மேற்பரப்பை அரிப்பதை அது தடுக்காது. கறை வேறு, அரிப்பு வேறு. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். கிரானைட்டும் குவார்ட்சைட்டும் எலுமிச்சைக்கு அசையாது. குவார்ட்சைட் என்று சொல்லி மார்பிளை விற்பதும் நடக்கும். துண்டின் மேல் வினிகர் விட்டு, நுரைத்தால் விடை தெரிந்துவிடும்.

மார்பிள்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், பளபளப்பு ஏற்றாத மேட் பரப்பாக வாங்குங்கள். அதிலும் அரிக்கும், ஆனால் அவ்வளவாகக் கண்ணில் படாது.

மரத்துக்கு வருவோம். மரம் அறுத்த பிறகும் அசையும் பொருள். காற்றில் ஈரம் ஏறினால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள மேசைப் பலகை பருவத்துக்குப் பருவம் ஐந்து மில்லிமீட்டருக்கு மேலேயே விரிந்து சுருங்கக்கூடும். ஆகவே பலகையைக் கால்சட்டத்தோடு இறுக்கி ஒட்டிவிடக் கூடாது; திருகுக்கு நீள்துளை விட்டுப் பூட்டச் சொல்லுங்கள். இதைச் சொன்னதும் தச்சர் தலையாட்டினால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். "ஒட்டிட்டா அசையாது சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். புதுப் பலகை வந்ததும் வேலையைத் தொடங்காமல், ஒரு வாரமாவது அறைக்குள்ளேயே காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள்.

கணுவும் விரிசலும் இருக்கும் பலகையை ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்க மரக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா, விரிசல் விட்ட பெரும் பலகைகளின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் மரத் துண்டைப் பதித்து, விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தினார், விரிசலை மறைக்கவில்லை. கடையில் ஓரமாகக் கிடக்கும் அந்த மாதிரிப் பலகை விலையும் குறைவாகவே இருக்கும்.

மேல்பூச்சில் இரண்டு வழி. பாலியூரிதேன் மாதிரி மேலே படலமாக உட்காரும் பூச்சு நன்றாகக் காக்கும். ஆனால் ஒரு இடத்தில் உரிந்தால் முழுப் பலகையையும் தேய்த்துப் புதிதாக அடிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் (டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது), மெழுகு கலந்த எண்ணெய் ஆகியவை மரத்துக்குள் இறங்கும். கறை பட்ட இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். விருந்து வைக்கும் வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறும், கசங்கிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

நார்களைப் பற்றி நாலு வரி போதும். சணல் விரிப்பு பார்க்க அழகு, தண்ணீர் பட்டால் பழுப்புக் கறை விழும். சாப்பிடும் இடத்தில் வேண்டாம். கம்பளியில் இயல்பாகவே மெழுகுத்தன்மை இருப்பதால் சிந்தியது உடனே உறிஞ்சாமல் மேலே நிற்கும், ஒற்றி எடுக்க அவகாசம் தரும். லினன் சுருங்கும், கசங்கும். கசங்கியே அழகாக இருக்கும். பிரம்பு நாற்காலியின் இருக்கை தொய்ந்தால் அடிப்பக்கம் வெந்நீரால் நனைத்துக் காயவிடுங்கள், ஓரளவு இறுகிவிடும்.

சுவர்

சுண்ணாம்புப் பூச்சும் மண் பூச்சும் ஒன்று போலத் தோன்றினாலும் குணத்தில் வேறு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லக் கல்லாகிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரமாகக் காயவைத்தால் பொடியாக உதிரும். காரத்தன்மை அதிகம் என்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. அதே காரம் கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும், ஆகவே பூசும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மண் பூச்சு வேதிமாற்றம் எதுவும் இல்லாமல் வெறுமனே காய்கிறது. அதனால் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். சிங்க் பக்கத்தில் போடக்கூடாது. ஆனால் வரவேற்பறைச் சுவரில் நாற்காலி இடித்துப் பெயர்ந்தால், ஈரப் பஞ்சால் தடவியே சரிசெய்துவிடலாம்.

எமல்ஷன் அடித்த சுவரில் இரண்டுமே சரியாகப் பிடிக்காது. பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும், அல்லது மணல் கலந்த பிரைமர் அடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். முழு அறைக்கும் பூச வேண்டியதில்லை. மாலையில் விளக்கொளி விழும் ஒரு சுவர் போதும்.

சத்தம்

என் வீட்டில் மார்பிளைவிடப் பெரிய தப்பு இதுதான். கல் தரை, கான்கிரீட் கூரை, சுண்ணாம்புச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். புகைப்படத்தில் அமைதியான வீடு. எட்டுப் பேர் வந்ததும் சந்தைக்கடை. அடுத்த நாள் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

காரணம் பழைய இயற்பியல். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் எதிரொலித்துக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி நேரத்தில் சுமந்து வந்து, இத்தனை மெத்தைக்கு எதிரொலி இவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றும் பயன்படும் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி நேரம் விநாடியில் கிடைக்கும்.

உங்கள் அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 56 கன மீட்டர். பேச்சு தெளிவாகக் கேட்க எதிரொலி அரை விநாடி அளவில் இருப்பது நல்லது. கணக்குப் போட்டால் 18 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை முழுதாக விழுங்கும் பரப்பு வேண்டும். கல்லும் பூச்சும் விழுங்குவது சொற்பம். வெறும் அறையில் 5 சதுர மீட்டர் தேறினால் எதிரொலி 1.8 விநாடி. இதற்கு மேல் ஒரு சிக்கல்: இரைச்சல் கூடினால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் இதை 1911-இல் எழுதினார். ஒருவர் உயர்த்த, அடுத்தவர் உயர்த்த, அறையே கத்தும்.

மருந்து சுலபம். அடியில் ஃபெல்ட் (நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணி) வைத்த தடித்த விரிப்பு. ஜன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வைத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலை. துணி போர்த்திய சோபா. ஒரு சுவர் முழுக்க ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி ஒலியைச் சிதறடிக்கும். மேசைக்கு நேர் மேலே கூரையில் கார்க் ஓரளவுக்கும், கம்பளிப் பலகை நன்றாகவும் உதவும். ஆட்களின் உடம்பும் உடையும்கூட ஒலியை உறிஞ்சும், ஆனால் பேசுவதும் அவர்கள்தான். சோதிக்க வேண்டுமானால் அறை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். "டப்" என்று நின்றால் சரி. "டஅஅங்" என்று இழுத்தால் இன்னும் துணி வேண்டும்.

கல் தரையின் சத்தம் கீழ்வீட்டுக்கும் போகும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிவிடுங்கள்.

வெளிச்சமும் இருக்கையும்

கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால் இவ்வளவு செலவும் வீண். சொரசொரப்பான பரப்பு அழகாகத் தெரிவது சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான். சுவரை ஒட்டித் தரையிலோ கூரையிலோ ஒரு விளக்கு, மூலைகளில் இரண்டு மூன்று தாழ்ந்த விளக்குகள், எல்லாம் 2,700 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்), எல்லாவற்றுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள்; நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. குறைந்தால் மரம் சாம்பல் பூத்தது போலவும் மனிதர்கள் காய்ச்சல்காரர்கள் போலவும் தெரிவார்கள். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கின் அடி, மேசையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

இருக்கை விஷயத்தில் பெஞ்சும் ஸ்டூலும் நாற்காலியைவிட உபயோகம். பெஞ்சில் மூவர் உட்காரும் இடத்தில் நாலு பேர் நெருக்கிக்கொள்ளலாம். திடமான மர ஸ்டூல் இருக்கையாகவும் ஆகும், டம்ளர் வைக்கும் மேசையாகவும் ஆகும். உட்காரும் ஒவ்வொருவருக்கும் கையெட்டும் தூரத்தில் எதையாவது வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

எந்த வரிசையில் செய்வது

ஒயரிங், குழாய் வேலை முதலில். அடுத்து சுவரும் தரையும். பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே மரவேலை உள்ளே வர வேண்டும். ஈரச் சுவர் உள்ள அறையில் மரத்தை வைத்தால் அது அந்த ஈரத்தைக் குடித்துவிட்டு, அப்புறம் காய்ந்து வளையும். விளக்கும் துணியும் கடைசியில்.

ஆனால் எல்லாம் முடிவதற்கு முன், பாதி வீட்டில் ஒரு முறை ஆட்களை அழையுங்கள். மேசையும் பெஞ்சும் நாலு விளக்கும் இருந்தால் போதும். யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே இடிக்கிறார்கள், எந்த இடத்தில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறார்கள் என்று பாருங்கள். மிச்சப் பணத்தை அதற்கப்புறம் செலவு செய்யுங்கள்.

ஒரு டப்பாவில் சில சாமான்களைச் சேர்த்து வையுங்கள்: உப்புத்தாள், மரத்துக்குப் போட்ட அதே எண்ணெயில் கொஞ்சம், சமையல் சோடா, பழைய பருத்தித் துணி. கல்லில் எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு திறந்து உலரவிட்டு எடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை. படலப் பூச்சுள்ள மரத்தில் சூடான கோப்பை வெள்ளை வளையம் போட்டால், அது பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம். மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓரிரு விநாடி வைத்து வைத்து எடுத்தால் பெரும்பாலும் மறையும்.

என் மார்பிள் மேசைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவு வந்தது. தண்ணீர் தெளித்து, 220 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400-இல் முடித்து, பளபளப்பு மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டேன். முதல் அரை மணி நேரம் வயிற்றைக் கலக்கியது. வெள்ளைப் பால் மாதிரி வழிந்த கல் சேற்றைத் துடைத்தபோது, பரப்பு முட்டை ஓடு போல இருந்தது. வளையம் போயே போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனையோ பேர் அதில் எதையெதையோ வைத்துவிட்டார்கள். புது வளையங்கள் இருக்கத்தான் செய்யும். குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்குப் போய்விட்டது.